நந்தியும் நந்தனாரும்



சிவன் கோவிலில் சாமிக்கு எதிரே படுத்திருக்கும் கல் மாட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோவிலில் அது ஒரே கல்லில் சுமார் 12 அடி உயரம் இருக்கிறது. இதற்கு அர்த்தமென்ன என்று கேட்டால், சைவப் பண்டிதர்கள், “அது மாடல்ல, பதியை நோக்கியிருக்கும் பசுவாகிய ஆன்மா” என்பதாகத் தத்துவார்த்தம் சொல்லுகிறார்கள்.

தத்துவம் முந்தியதா, மாடு முந்தியதா? மொகஞ்சதாரோவில் தோண்டியெடுத்த முத்திரைகளிலேயே திமிலுள்ள காளை இருக்கிறது. அவை 4000 வருஷங்களுக்கு மேற்பட்டவை. பதி, பசு, பாசம் பேசும் சாஸ்திரங்களோ மிகமிகப் பிந்தியவை. மாட்டைக் கொண்டு உழுது பிழைத்த ஜனங்கள் அதைப் பெரிதாக எண்ணியதில் அதிசயமில்லை. தமிழில் மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருளுண்டு.

பிறகு வந்தவர்கள் அதற்கு என்ன அர்த்தம் வைத்தார்கள்? மனுதர்ம சாஸ்திரம் 8ஆம் அத்தியாயத்தில், தர்மமே காளை என்றும், அதற்குக் கேடு செய்கிறவன் ‘விருஷலன்’ என்றும் சொல்லுகிறது. விருஷலன் என்பது சூத்திரனுக்கு வைத்த இழிபெயர். உழுகிறவனுடைய மாட்டின் பேரைக் கொண்டே உழுகிறவனை இழிவுபடுத்தினார்கள்!

பெரிய புராணத்தைப் பாருங்கள். கோவில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுத்த ஆதனூர் நந்தனார், திருப்புன்கூரில் வாசலுக்கு வெளியே நின்றார். நந்தி மறைத்ததாம், சிவன் அதை விலகச் செய்தாராம். விலகிய நந்தியை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். கல் மாட்டை நகர்த்திய கடவுளுக்கு, அந்த மனிதரை உள்ளே அழைக்க முடியாமற் போனதேன்? மாட்டுத் தோல் உள்ளே போகலாம், கல் மாடு உள்ளே இருக்கலாம், தோல் கொடுத்தவர் மட்டும் வெளியே நிற்க வேண்டும் என்றால் இது என்ன நியாயம்?

அந்த வாசலைத் திறந்தது மனிதர்களின் கிளர்ச்சியும், அதன் பயனாக வந்த 1947ஆம் வருஷத்துச் சென்னை மாகாணக் கோவில் நுழைவுச் சட்டமுமேயல்லாமல் எந்தக் கடவுளும் அல்ல. அப்படியிருந்தும் இன்றைக்கும் சில ஊர்களில் வாசலில் தகராறு நடக்கிறது.

ஆகவே தோழர்களே! கல்லைச் செதுக்கிய சிற்பியின் கைத்திறனை நாமும் மெச்சுகிறோம். ஆனால் அதற்குத் தத்துவார்த்தம் சொல்ல வருகிறவரிடம், “உங்கள் ஊர்க் கோவிலில் அந்த மாடு இருக்குமிடம் வரையிலாவது எல்லா மனிதரும் போகலாமா?” என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் தத்துவம் பேசட்டும்.