பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா நாளில் சாவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். வேளையறிந்து பேசத் தவறியதால் நாம் இழக்கவிருந்த ஒரு பிள்ளையை நினைத்தே இன்று பேசுகிறோம்.

முன்பு நாம் பணிபுரிந்த பங்கொன்றில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த வாரம் அது. பாடகர் குழுவைச் சேர்ந்த ஒரு பையன் தன் கித்தாரோடு வந்தான். "சாமி, இனிமே எனக்கு இது வேண்டாம். யாராவது கத்துக்கட்டும்" என்றான். அவனுடைய தாராள மனத்தை மெச்சி, ஆசீர் அளித்து அனுப்பினோம். மறுநாள் அவனை மருத்துவமனைக் கட்டிலில் கண்டோம். இறைவன் இரக்கத்தால் பிழைத்தான். விடைபெற வந்தவனை நாம் வாழ்த்தி வழியனுப்பியிருக்கிறோம்! குருமடத்தில் பல ஆண்டுகள் பயின்ற நமக்கு அந்த ஒரு சொல் விளங்கவில்லை. ஆகவே, பிற்பாடு கற்றதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, கவனியுங்கள். ஆசைப்பொருளைக் கொடுத்துவிடுதல், ஊண் உறக்கம் குறைதல், நண்பரை ஒதுக்குதல், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு ஆகியவை எச்சரிக்கை மணிகள். "சும்மா மிரட்டுகிறான்" என்று தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாவது, நேராகக் கேளுங்கள். "செத்துப்போகலாம்னு தோணுதாய்யா?" என்று அமைதியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகப் பிறந்துவிடாது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்கின்றனர். பதில் வரும்போது குறுக்கிடாதீர்கள். புத்திமதி வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கும் வேண்டாம், "பாவம், நரகம்" என்ற பயமுறுத்தலும் வேண்டாம். எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவை வேண்டினார் அல்லவா? வானதூதர் அவரைக் கடிந்துகொண்டாரா? அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்கவிட்டார், மறுபடியும் வந்து எழுப்பி உண்ணச் சொன்னார். பெற்றோர் பணி அதுவே.

மூன்றாவது, தனியே விடாதீர்கள். சாகும் உந்துதல் பெரும்பாலும் அலைபோல எழுந்து அடங்குவது. அடங்கும் வரை ஒருவர் உடனிருக்க வேண்டும். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள், அல்லது பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்குப் போக வெட்கப்படுகிறோமா? செபமும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற அரசின் மனநல உதவி எண் 2022 முதல் இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஆபத்து நெருங்கியிருந்தால் 108க்கு அழையுங்கள். போலீஸ் வழக்குக்கு அஞ்சி எதையும் மறைக்காதீர்கள். உயிரை மாய்க்க முயன்றவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

அந்தப் பையன் இன்று வேலையில் இருக்கிறான். அவன் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். எது உன்னைத் தேற்றியது என்று பின்னாளில் கேட்டோம். "அப்பா ராத்திரியெல்லாம் பக்கத்துல உட்கார்ந்திருந்தார், சாமி. மார்க் போனா போகட்டும், நீ இருந்தா போதும்னார்" என்றான்.

பெற்றோரே, அந்தச் சொல்லை மருத்துவமனைக் கட்டிலருகே சொல்லக் காத்திராதீர்கள். இன்றிரவு வீட்டில், சோறு போடும்போதே சொல்லிவிடுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களைக் காப்பாராக!