நோயற்ற தீவுகளுக்கும் காவல் தேவை

(புது தில்லி, முனிர்காவில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

முனிர்காவின் தெருவில் ஒரு குழந்தையை நாய் கடித்தால், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள சப்தர்ஜங் மருத்துவமனையில் தடுப்பூசி கிடைக்கும். கிரேட் நிக்கோபார் கிராமத்தில் அதே கடி நேர்ந்தால் நிலைமை வேறு. அத்தீவு, போர்ட் பிளேர் என முன்பு வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்போர் மிக அரியர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் இந்தியர். இத்தகைய நாட்டில் அந்தமான் நிக்கோபார் தீவுகளும் இலட்சத்தீவுகளும் வெறிநோய் அற்ற பகுதிகளாகக் கருதப்பட்டு வருவது பெரும் பேறாகும். இலட்சத்தீவுகள் நாய்களையே அனுமதிக்காமல் தம்மைக் காத்துக்கொண்டன. அந்தமானில் அது இயலாது. 1858இல் கைதிகள் குடியிருப்பு அமைந்தபின் வந்து சேர்ந்த நாய்களைப் பழங்குடியினருள் சிலர் பன்றி வேட்டைக்குத் துணையாக்கிக் கொண்டனர். இன்று குடியேறியோர் ஊர்களிலும் நாய்கள் உண்டு.

கடல் ஒன்றே அரண் என எண்ணலாகாது. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்கு 1997இல் படகில் கொண்டுவரப்பட்ட நாய்களுடன் வெறிநோயும் வந்திறங்கியது. பெருந்தொகையான நாய்களைக் கொன்றும் அது ஒழியவில்லை. அதுவரை நோயற்றிருந்த பாலித் தீவிலும் 2008இல் அது பரவியது. வைரஸ் உடலுள் பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள் மறைந்திருப்பதால், துறைமுகத்தில் நலமாகத் தோன்றும் நாயும் நோயைச் சுமந்து வரக்கூடும்.

ஆகவே, நோய் இல்லை என்று கூறுவதற்கும் தொடர்ந்த தேடல் தேவை. இரண்டு ஆண்டுகள் நோய் காணப்படாமையுடன், இடையறாத கண்காணிப்பும் இருத்தல் வேண்டும் என்பது உலக விலங்கு நல அமைப்பின் விதி. ஐயத்திற்கிடமாக இறந்த நாயின் மூளைப் பகுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கப்பட்டு ஆய்வுக்கூடத்தைச் சென்றடைய வேண்டும். கப்பல் தாமதத்தால் அது கெட்டுப்போனால், அத்தீவைப் பற்றிய உண்மையும் அறியப்படாமற் போகும். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனித்தல், கடிபட்டோரின் பதிவேடு, தீவிற்குள் வரும் நாய்க்குத் தடுப்பூசிச் சான்று ஆகியவையும் இன்றியமையாதவை.

இதற்காகும் செலவு பெரிதன்று. நோய் ஒருமுறை நுழைந்துவிட்டால், நாய்களில் 70 விழுக்காட்டினுக்கேனும் தடுப்பூசி இடும் பணியைத் தீவுதோறும் ஆண்டுதோறும் மேற்கொள்ள நேரும். அச்செலவோடு ஒப்பிடுகையில் ஒரு பதிவேடும் பனிக்கட்டிப் பெட்டியும் கப்பலில் சிறிது இடமும் மிகச் சொற்பமே.

2030ஆம் ஆண்டுக்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021இல் வெளியிடப்பட்டது. நோய் மலிந்த மாநிலங்களின் மீது அதன் கவனம் குவிவது இயல்பே. எனினும், நோயற்ற தீவுகள் அதில் மறக்கப்படலாகாது. நிக்கோபார் கிராமங்களில் ‘கேப்டன்’ என அழைக்கப்படும் தலைவர்களும், சுகாதார ஊழியரும், கால்நடை மருத்துவரும் ஒருங்கிணைந்து செயற்பட்டால், தொலைதூரத் தீவில் நாய் ஒன்று இறந்த செய்தி உரிய காலத்தில் உரியவரை எட்டும். அங்குள்ள குழந்தையின் உயிர் அச்செய்தியையே நம்பியிருக்கிறது.