உண்மைக் கதை யாருடைய கதை?

(திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களின் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2005 செப்டம்பர் 27 அன்று இந்த நகரத்தின் ஃபோர்ட் காவல் நிலையத்துக்கு ஓர் இளைஞர் உயிருடன் கொண்டுசெல்லப்பட்டார். அன்றிரவே பிணமானார். அவர் பெயர் உதயகுமார். பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்தவர். ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் அவரைப் பிடித்தபோது அவரிடம் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. ஏழையிடம் இவ்வளவு பணம் எப்படி வந்தது என்ற ஐயத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இரும்புக் குழாயை அவரது தொடைகளின் மேல் உருட்டிச் சித்திரவதை செய்தார்கள் என்பது வழக்கு.

முதல் விசாரணையில் முக்கிய சாட்சி பிறழ்ந்தார். மகனை இழந்த தாய் உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. 2018 ஜூலையில் இந்நகரின் சிபிஐ நீதிமன்றம் இரண்டு காவலர்களுக்கு மரண தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம், சிபிஐ நடத்திய விசாரணையின் குறைகளைச் சுட்டிக்காட்டி, தண்டிக்கப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. காவல் நிலையத்தில் ஒருவர் இறந்தார். இருபது ஆண்டுகள் கழிந்து அத்தீர்ப்பு வந்த நாளில், சட்டத்தின் கண்களுக்குக் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை.

இந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தால் அது எங்கே தொடங்கும்? எங்கே முடியும்? உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்ற அறிவிப்போடு வரும் குற்றத் தொடர்கள் இன்று வீட்டுக்கு வீடு, கைபேசிக்குக் கைபேசி ஓடுகின்றன. உழைத்துக் களைத்து வரும் தொழிலாளியின் இரவு நேரத்தை அவை எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் இக்கேள்வி வெறும் கலை விமர்சனம் அல்ல, அரசியல் கேள்வி.

இவ்வகைத் தொடர்களின் பிறப்பைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் 1949-இல் வானொலியிலும் 1951-இல் தொலைக்காட்சியிலும் தொடங்கிய 'டிராக்நெட்' இந்த வகைக்கு முன்னோடி. லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை தன் வழக்குக் கோப்புகளை அதற்குத் திறந்துவிட்டது. பதிலுக்கு, கதைவசனம் காவல்துறையின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. கோப்பு யாருடையதோ, கதையும் அவருடையதாயிற்று. காவலர் துப்புத் துலக்குவார், குற்றவாளி பிடிபடுவான், மக்கள் நிம்மதியாக உறங்கலாம். எழுபதாண்டுகளுக்கு மேல் கடந்தும் அந்த அச்சு பெரிதாக மாறவில்லை.

2019-இல் வெளியான 'டெல்லி க்ரைம்' தொடரை எடுத்துக்கொள்ளலாம். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமையைத் தழுவிய அத்தொடர், 2020-இல் சர்வதேச எம்மி விருதும் பெற்றது. காவல்துறையின் ஆள் பற்றாக்குறையையும் வசதிக் குறைவையும் அது மறைக்கவில்லை, நடிப்பிலும் குறையில்லை. ஆனால் கதை ஒரு காவல்துறை அதிகாரியின் கண் வழியாகவே நடக்கிறது. இந்தியா கேட்டில் திரண்டு தண்ணீர்ப் பீரங்கியையும் தடியடியையும் எதிர்கொண்ட மாணவர்கள் அதில் வெளியிலிருந்து வரும் நெருக்கடியாகவே தெரிகிறார்கள். வர்மா குழு அமைந்ததும் 2013-இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டதும் அந்த மாணவர்களாலும் மாதர் இயக்கங்களாலும்தான். வரலாற்றை நகர்த்தியவர்கள் திரையில் பின்னணிக் கூட்டமாகிவிட்டார்கள்.

கேரளத்தின் அனுபவம் இன்னும் கூர்மையானது. கோழிக்கோடு மாவட்டம் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரே குடும்பத்தைச் சுற்றி நிகழ்ந்த ஆறு மரணங்கள் தொடர்பாக 2019 அக்டோபரில் கைது நடந்தது. 2020 ஜனவரியில் ஃப்ளவர்ஸ் தொலைக்காட்சியில் அது தொடராகவே வந்துவிட்டது. முதல் குற்றப்பத்திரிகை அப்போதுதான் தாக்கலாகியிருந்தது. சாட்சிகள் கூண்டேறவே இல்லை. உயர்நீதிமன்றம் தலையிட்டு ஒளிபரப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவரின் பிள்ளைகளே தங்கள் வாழ்க்கையைத் திரைச்சரக்கு ஆக்குவதற்கு எதிராக நீதிமன்றம் சென்றார்கள். நீதிமன்றத்தின் தீர்ப்பு வருவதற்கு முன் சந்தையின் தீர்ப்பு வந்துவிடுகிறது.

சந்தைக்கு ஏன் இவ்வளவு அவசரம்? நடந்த சம்பவத்துக்குக் காப்புரிமை கிடையாது. கதைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. செய்தித்தாள்கள் ஏற்கெனவே விளம்பரம் செய்து வைத்திருக்கும். செத்தவர் வழக்குப் போட மாட்டார். ஏழையாக இருந்தால் அவரது குடும்பமும் போடாது. கச்சாப் பொருள் இலவசம், சரக்குக்கு விலை உண்டு. மூலதனம் இப்படிப்பட்ட துறையை விட்டுவைக்குமா?

தொலைக்காட்சி வருவதற்கு முன்பே பத்திரிகைகள் இந்த வேலையைச் செய்தன என்பதற்குச் சாட்சியும் திருவனந்தபுரமே. 1994-இல் இந்நகரில் புனையப்பட்ட இஸ்ரோ உளவு வழக்கு நாள்தோறும் மர்மத் தொடர்கதை போலவே எழுதப்பட்டது. 1996-இல் சிபிஐ அவ்வழக்குப் பொய் என்று அறிக்கை அளித்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்சநீதிமன்றம் விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2022-இல் அவர் கதை 'ராக்கெட்ரி' என்ற படமாகவும் வந்தது. அவருக்கு இழைக்கப்பட்டது கொடிய அநீதி, அதில் ஐயமில்லை. ஆனால் அதே வழக்கில் மாலத்தீவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் சிறையில் கிடந்தார்கள். பத்திரிகைகள் அவர்களது பெண்மையையே விற்றன. அவர்களை நாயகிகளாக்கி எந்தத் திரையும் கதை சொல்லவில்லை. விஞ்ஞானியின் பக்கம் தேசப்பெருமை நின்றது. அந்நிய நாட்டுப் பெண்களின் பக்கம் நிற்க யார் இருந்தார்கள்?

அப்படியானால் உண்மைக் கதையைத் திரைக்குக் கொண்டுவரவே கூடாதா? அது தவறான முடிவு. கேமரா நிற்கும் இடம் மாறினால் விளைவும் மாறும். உதயகுமார் வழக்கையே 2019-இல் அனந்த் மகாதேவன் 'மாய் காட்' என்ற மராத்திப் படமாக எடுத்தார். நாயகி மகனை இழந்த தாய். அவ்வேடத்தில் நடித்த உஷா ஜாதவுக்கு அவ்வாண்டு கோவா திரைவிழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. கேரளத்துத் தாயின் கதை மராத்தி பேசியது. ஏனெனில் காவல் நிலையத்துக்கு வெளியே காத்திருக்கும் தாயை எந்த மாநிலத்திலும் காணலாம்.

தமிழ்த் தோழர்களுக்கு 'ஜெய்பீம்' நினைவுக்கு வரும். 2021 நவம்பரில் நேரடியாக இணையத்திரையில் வெளியான அப்படம், 1993-இல் இன்றைய கடலூர் மாவட்டத்தின் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராசாகண்ணு காவல்துறையின் பிடியில் கொல்லப்பட்ட வழக்கைத் தழுவியது. அவர் குறவர் சமூகத்தவர். படம் இருளர் சமூகத்தைக் காட்டியது. அக்குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் கதையின் நடுவில் நின்றவர் காவல் அதிகாரி அல்ல, கணவனைத் தேடிய பெண். அந்தக் கதை திரைக்கு வர முடிந்ததற்குக் காரணம் என்ன? உள்ளூரில் செங்கொடி இயக்கத் தோழர்கள் அந்தக் குடும்பத்தோடு நின்றார்கள். வழக்கறிஞர் சந்துரு வழக்கை ஏற்றார். சாட்சிகளைச் சிதறவிடாமல் காத்தார்கள். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த திரைக்கதையின் முதல் வரிகள் அந்தப் போராட்டத்தில் எழுதப்பட்டவை.

வாச்சாத்தியும் இதையே சொல்கிறது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரக் கிராமத்தில் நடந்த கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்று குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அவர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பத்தொன்பது ஆண்டுகள் சாட்சிகள் உடையாமல் நின்றார்கள் என்றால், அவர்களுக்குப் பின்னால் ஓர் அமைப்பு நின்றது என்று பொருள்.

கடல் கடந்தும் இதே பாடம்தான். பிரிட்டனில் அஞ்சலகக் கணினி முறையின் பிழையால் 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட சிற்றஞ்சலக நடத்துநர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். 2024 ஜனவரியில் ஐடிவி நான்கு பகுதிகளாக அக்கதையை ஒளிபரப்பியது. நாடே கொதித்தது. சில நாட்களில் அரசு சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தது. அவ்வாண்டு மே மாதம் தண்டனைகளை ரத்துசெய்யும் சட்டம் நிறைவேறியது. தொலைக்காட்சித் தொடர் செய்த சாதனை என்று உலகம் அதைப் பாராட்டியது. பாதிக்கப்பட்டவர்கள் 2009-லேயே சங்கமாகத் திரண்டதையும், 2019-இல் உயர்நீதிமன்றத்தில் வென்றதையும் அந்தப் பாராட்டு மறந்துவிடக் கூடாது. தொடர் தீக்குச்சியைக் கிழித்தது. விறகைப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்து அடுக்கியவர்கள் அவர்களே.

திரையின் உடைமை யாரிடம் என்ற கேள்வியும் இருக்கிறது. 2024 மார்ச் 7 அன்று கேரள அரசு 'சி ஸ்பேஸ்' என்ற இணையத்திரையைத் தொடங்கியது. நாட்டில் ஒரு மாநில அரசு நடத்தும் முதல் இணையத்திரை அது. மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் அதை நிர்வகிக்கிறது. பார்க்கும் படத்துக்கு மட்டும் கட்டணம் செலுத்தினால் போதும். வரவேற்க வேண்டிய தொடக்கம். ஆனால் பொதுத்துறைத் திரை என்பதாலேயே அதில் மக்களின் கண் வந்துவிடாது. ஃபோர்ட் காவல் நிலையச் சம்பவத்துக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இரண்டு முன்னணிகளும் இம்மாநிலத்தை ஆண்டிருக்கின்றன. உதயகுமாரைக் கொன்றது யார் என்ற கேள்வி மட்டும் விடையின்றி நிற்கிறது. இடதுசாரிகள் இந்த உண்மையைப் பேசத் தயங்கினால், வேறு யாரும் பேசப்போவதில்லை. ஆட்சியில் யார் இருந்தாலும், காவல் நிலையத்துக்குள் ஓர் ஏழையின் உயிருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதே ஜனநாயகத்துக்கான அளவுகோல்.

கட்சிக் கிளைகளுக்கு இதிலிருந்து செய்யத்தக்க பணிகள் உண்டு. இத்தொடர்களைப் பார்க்காதே என்று தொழிலாளியிடம் சொல்வது பயனற்றது. சேர்ந்து பார்க்கலாம், பார்த்த பின் மூன்று கேள்விகள் கேட்கலாம். கதை யார் வீட்டில் தொடங்கியது? யாருக்குப் பெயரும் முகமும் கிடைத்தன, யார் கூட்டமாகக் கரைந்தார்கள்? கடைசிக் காட்சியில் தீர்ந்ததாகச் சொல்லப்பட்டது வெளியே உண்மையில் தீர்ந்திருக்கிறதா? இவற்றோடு, தங்கள் பகுதியில் நடந்த ஒவ்வொரு காவல் வன்முறையையும் கிளைகள் தேதியோடும் சாட்சியோடும் ஆவணத்தோடும் பதிவுசெய்து பாதுகாக்க வேண்டும். காவல்துறையிடம் ஒரு கோப்பு இருக்கும். மக்களிடம் இன்னொரு கோப்பு இல்லையென்றால், நாளைய உண்மைக் கதையும் காவல்துறையின் கதையாகவே இருக்கும்.

தொலைக்காட்சித் தொடர் பத்துப் பகுதிகளில் முடிந்துவிடும். ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. மகனுக்காக நீதிமன்றப் படிகளில் இருபது ஆண்டுகள் ஏறி இறங்கிய தாய்க்குத் திரை ஆறுதல் தரலாம். நீதி தர முடியாது. அந்த நீதிக்காகக் கடைசிவரை அவரோடு நிற்பதே இயக்கத்தின் கடமை.