தொட்டியில் லட்சம், மலையில் கொஞ்சம்

 

இன்றைய பேச்சு ஒரு முள் செடியைப் பற்றியது. முள் செடியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் பல நாடுகளில் இந்தச் செடியை ஆசை ஆசையாகத் தொட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். ஆனால் அது பிறந்த மலையில் அது அழிந்துகொண்டு வருகிறது. தொட்டியில் வாழும் செடி, சொந்த மண்ணில் ஏன் அழிய வேண்டும்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

செடியின் பெயர் தங்கப் பீப்பாய்க் கள்ளி. பீப்பாய் போல உருண்டு திரண்டு இருக்கும். உடம்பெல்லாம் பொன் நிற முள். அதனால் இந்தப் பெயர். இதன் சொந்த நாடு மெக்சிகோ. அது வட அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. நம் சமையலுக்கு வேண்டிய மிளகாயும் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கடல் கடந்து வந்தன.

மெக்சிகோவில் இந்தச் செடிக்கு 'மாமியார் நாற்காலி' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. இங்கே உட்கார்ந்திருக்கும் மாமியார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாமியார் பேச்சு எல்லா ஊரிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்!

கள்ளியில் இரண்டு வகை

நம் ஊர் வேலியில் திருகுகள்ளி இருக்கும். சதுரக்கள்ளி இருக்கும். ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இவை ஆமணக்குக்குச் சொந்தக்காரச் செடிகள்.

தங்கப் பீப்பாய்க் கள்ளி வேறு குடும்பம். அதைக் காக்டஸ் குடும்பம் என்பார்கள். நம் ஊரில் உள்ள சப்பாத்திக்கள்ளி இந்தக் குடும்பம்தான். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. சப்பாத்திக்கள்ளியை வெட்டினால் பால் வராது. கொழகொழப்பான சாறுதான் வரும். முள் முளைக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். அங்கே பஞ்சு ஒட்டியது போல ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்துதான் முள் வரும். அதுதான் காக்டஸ் குடும்பத்தின் அடையாளம்.

தண்ணீரைச் சேமிக்கும் குடம்

தங்கப் பீப்பாய்க் கள்ளி வளரும் இடம் வறண்ட மலைச் சரிவு. பாறை இடுக்கில்தான் வேர் விடும். வருடத்தில் சில மாதம்தான் மழை. மற்ற நாளெல்லாம் வெயில். அங்கே அது எப்படி உயிர் வாழ்கிறது?

முதலாவது, அதற்கு இலை கிடையாது. இலை வழியாகத்தான் செடியின் தண்ணீர் ஆவியாகப் போகும். அதனால் இலை முள்ளாக மாறிவிட்டது. முள் ஆடு மாட்டிடமிருந்து செடியைக் காக்கிறது. கொஞ்சம் நிழலும் தருகிறது.

இரண்டாவது, அதன் தண்டுதான் தண்ணீர்க் குடம். தண்டின் மேல் மேலிருந்து கீழாகப் பல மடிப்புகள் இருக்கும். ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? காற்று போனால் விரியும். காற்று வெளியே வந்தால் சுருங்கும். அதே போலத்தான் இதுவும். மழை பெய்தால் மடிப்பு விரியும், உடம்பு பருக்கும். கோடையில் மடிப்பு சுருங்கும். ஆனால் தோல் கிழியாது.

மூன்றாவது, தோலின் மேல் மெழுகு பூசியது போல ஒரு பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் எளிதில் வெளியே போகாது.

நான்காவது, வேர் ஆழமாகப் போகாது. மேலாகப் பரவி நிற்கும். சிறு தூறல் விழுந்தாலும் போதும். உடனே உறிஞ்சிக்கொள்ளும்.

இரவில் மூச்சு விடும் செடி

செடி உணவு தயாரிக்கக் காற்றில் உள்ள கரியமில வாயு வேண்டும். அதை உள்ளே இழுக்கச் செடியில் கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளைகள் உண்டு. நெல், வேம்பு, மா போன்றவை பகலில் இந்தத் துளைகளைத் திறக்கும். பாலைவனத்தில் பகலில் திறந்தால் என்ன ஆகும்? இருக்கிற தண்ணீரும் போய்விடும்.

அதனால் காக்டஸ் பகலில் கதவைச் சாத்திவிடுகிறது. இரவில், வெயில் தணிந்த பிறகு திறக்கிறது. கரியமில வாயுவை இழுத்து, புளிப்புப் பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, சேர்த்து வைத்ததைக் கொண்டு வெயிலில் உணவு சமைக்கிறது. ராத்திரியே விறகு சேர்த்து வைத்துப் பகலில் அடுப்பு மூட்டுவது போல.

ரணகள்ளியும் இப்படித்தான் செய்கிறது. இலையைக் கிள்ளிப் போட்டால் ஓரத்தில் குட்டிச் செடி முளைக்குமே, அந்தச் செடிதான். சுமார் 200 வருடங்களுக்கு முன்பு, பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவர அறிஞர் தென்னிந்தியாவில் வேலை பார்த்தார். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, பகல் ஏற ஏறப் புளிப்புக் குறைகிறது என்று அவர் கண்டார். அதை எழுதி லண்டனுக்கு அனுப்பினார். 1815-இல் அது அச்சில் வந்தது. இரவில் மூச்சு விடும் செடிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இது ஒரு முதல் படி.

வளர நாளாகும், பிடுங்க நிமிடம் போதும்

சிக்கனமாக வாழ்கிற செடி வேகமாக வளர முடியாது. தங்கப் பீப்பாய்க் கள்ளியின் விதை கடுகு போலச் சின்னது. முளைத்த செடி பல வருடம் எலுமிச்சை, ஆரஞ்சு அளவில்தான் இருக்கும். பூக்க 15, 20 வருடம் ஆகும். அப்போது உச்சந்தலையில், பஞ்சு போன்ற பகுதியில், மஞ்சள் பூக்கள் வட்டமாகப் பூக்கும். நன்கு முதிர்ந்த செடி மூன்று அடி உயரம் வரும்.

அந்த மூன்று அடிச் செடியைக் கடப்பாரை போட்டுப் பெயர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சில நிமிடம். அதை எடுத்தால் ஒரு செடி மட்டும் போவதில்லை. வருடா வருடம் விதை தருகிற ஒரு தாய் போகிறது. அழகுக்காக இப்படி எடுத்து விற்றதால் மலையில் செடி குறைந்தது.

அடுத்த அடி 1990-களில் விழுந்தது. இந்தச் செடி அதிகமாக இருந்த இடம் மொக்தேசூமா ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே மின்சாரத்துக்காகச் சிமாப்பான் என்ற அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறியது. சரிவில் இருந்த செடிகளின் இடம் மூழ்கியது. ஒரு பகுதிச் செடிகளை முன்பே எடுத்து வேறு இடங்களில் வைத்தார்கள். ஆனால் மூழ்கிய சரிவை எடுத்து வைக்க முடியுமா?

பிறகு, வெகு தூரத்தில் சகாதேகாஸ் மாநிலத்திலும் கொஞ்சம் செடிகள் இருப்பது தெரிய வந்தது. அது ஆறுதலான செய்தி. ஆனாலும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்தச் செடியை அழியும் ஆபத்தில் உள்ள செடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. மெக்சிகோ நாட்டுச் சட்டமும் இதைப் பாதுகாக்கிறது.

தொட்டியில் இருந்தால் போதாதா?

நல்ல கேள்வி. தொட்டிச் செடி கெட்டதல்ல. விதை போட்டு வளர்த்து விற்பதால், மலையில் போய்த் தோண்ட வேண்டிய தேவை குறைகிறது. அது நன்மைதான்.

ஆனால் தொட்டிச் செடிகள் பெரும்பாலும் சில தாய்ச் செடிகளின் வாரிசுகள். மலையில் ஒவ்வொரு செடியும் ஒரு விதம். ஒன்று வறட்சி தாங்கும். ஒன்று நோய் தாங்கும். ஒரே ரக நெல்லை ஊர் முழுக்கப் போட்டால், ஒரு நோய் வந்தால் எல்லாம் போகும். பல ரகம் இருந்தால் ஏதாவது ஒன்று பிழைக்கும். விவசாயிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலையில் இருக்கும் செடிதான் விதைக் குதிர். தொட்டியில் இருப்பது கைப்பிடி நெல்.

இன்னொன்றும் உண்டு. மலையில் அதன் பூவுக்குத் தேனீ வரும். தொட்டிச் செடி அழகு காட்டும். ஆனால் அந்த மலையின் தேனீக்கு அது உதவுமா?

நம் ஊர் வறண்ட காட்டிலும் கள்ளிமுளையான் என்ற சிறு செடி உண்டு. அது காக்டஸ் அல்ல. ஆனால் அதுவும் தண்டில் தண்ணீர் சேர்த்து வாழ்கிற செடி. ஆடு மேய்ப்பவர்கள் அதைப் பறித்துத் தின்பார்கள். நுனியைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் அடுத்த வருடம் அந்த இடத்தில் இருக்காது.

மெக்சிகோ மலைக்கு நாம் போக வேண்டாம். நம் ஊர்ப் புறம்போக்கில், வேலியில், பாறையில் என்னென்ன செடி இருக்கிறது? முன்பு இருந்து இப்போது காணாமல் போனது எது? வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தப் பெயர்களை நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். படித்த எழுத்து அதற்கும் பயன்படட்டும்.