கிருமி செய்த மருந்து



நம் ஸ்ரீராமபுரம் மாலை வகுப்புக்கு வரும் அக்கா ஒருவர் போன வாரம் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். இரண்டே நாளில் நாக்கு வறண்டு, வாந்தி எடுத்துப் படுத்துவிட்டார். கேட்டால், "அது கிருமியிலிருந்து எடுக்கிற மருந்தாமே! கிருமியை உடம்பில் ஏற்றுவேனா?" என்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அவர் கேள்விப்பட்டது பாதி உண்மை.

இன்சுலின் ஒரு புரதம். நம் வயிற்றில் உள்ள கணையம் அதைச் சுரக்கிறது. 1922இல் கனடா நாட்டில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அது மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது. பிறகு பன்றியிலிருந்தும் எடுத்தார்கள். ஏறக்குறைய கால் கிலோ இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கணையம் வேண்டியிருந்தது!

1978இல் அமெரிக்காவில் ஒரு புது வழி கண்டார்கள். இன்சுலின் செய்யும் குறிப்பு நம் உடம்பில் மரபணுவாக இருக்கிறது. அதே குறிப்பை எழுதி, பாக்டீரியா என்னும் கிருமிக்குள் வைத்தார்கள். கிருமி அதைப் படித்து, இன்சுலினைச் செய்து கொடுத்தது. அதற்கு மாலை வகுப்பு தேவைப்படவில்லை! 1982இல் அந்த மருந்து விற்பனைக்கு அனுமதி பெற்றது. நம் பெங்களூரில் பயோகான் கம்பெனி 2004இல் இன்சுலின் கொண்டுவந்தது. அங்கே இந்த வேலையைச் செய்வது ஈஸ்ட்.

செய்த புரதத்தோடு கிருமியின் சக்கையும் கலந்திருக்கும். அதைப் பிரிக்க ஆய்வுக்கூடங்களில் ஒரு வழி, காந்தம். சின்ன வயதில் மணலில் காந்தத்தை இழுத்து விளையாடியிருப்பீர்கள். கருப்புத் தூள் ஒட்டி வரும். அது பெரும்பாலும் மாக்னடைட் என்ற இரும்புத் தாது. அதையே மிக நுண்ணிய துகளாகச் செய்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். வேண்டிய புரதம் மட்டும் ஒட்டும்படி அதற்கு ஒரு பூச்சு. கலவையில் போட்டு, வெளியே காந்தத்தை வைத்தால், துகள் புரதத்தோடு ஓரத்துக்கு வந்துவிடும். மீதியை ஊற்றிவிடலாம். பெரிய மருந்து ஆலைகளில் வேறு முறைகளில் பிரிக்கிறார்கள்.

உயிருள்ள பாக்டீரியாவிடமே இந்தத் துகளைப் போட்டால்? நம்மைப் போல அதற்கும் இரும்புச்சத்து வேண்டும். அளவு மீறினால் அதுவே நஞ்சு. கிருமி நலிந்தால் புரதமும் குறையும். குழம்புக்கு உப்பு மாதிரிதான். துகளின் பருமனும் பூச்சும் மாறினால் பலனும் மாறும். அதனால் முதலில் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஊசி மருந்துப் புட்டியில் உயிருள்ள கிருமி இல்லை. இதைச் சொன்னதும் அக்கா அடுத்த கேள்வி கேட்டார்: "பிறகு எதற்குக் குளிர்ப்பெட்டி?" நல்ல கேள்வி. முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். சூடு பட்டால் அது கட்டிப்போகிறது அல்லவா? இன்சுலினும் சூட்டில் கெடும். திறக்காத புட்டியைக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உறையவிட்டாலும் கெடும், ஐஸ் அறையில் வைக்காதீர்கள்.

அக்கா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்று காலை ஊசி போட்டாயிற்றாம்.