தூங்கப் போகும் முன் இருபது நிமிடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. டாக்டரும் இல்லை, யோகா டீச்சரும் இல்லை. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். தவணை கட்டும் நாள் நெருங்கினால் பாதிப் பேருக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. யாரையும் கேட்காமல் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. ஒரு வருஷமாக நாங்கள் சிலர் செல்போனில் மனசை அமைதிப்படுத்தும் ஆடியோக்களைக் கேட்டு வருகிறோம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இதற்கு சுய மனோவசியம் என்று பெயர். வசியம் என்றதும் பயந்துடாதீங்க. நல்ல தமிழில் அறிதுயில் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பள்ளிகொண்டிருப்பதையும் அறிதுயில் என்றுதான் சொல்கிறோம். உடம்பு ஓய்வெடுக்கும், அறிவு விழித்திருக்கும். வேண்டாம் என்றால் எந்த நிமிஷமும் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம்.

பிரான்ஸ் நாட்டில் எமில் கூயே என்று ஒரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். 1926-இல் காலமானார். ஒரு கயிற்றில் 20 முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு தடவை, நான் நாளுக்கு நாள் நன்றாகி வருகிறேன் என்ற பொருளில் காலையிலும் ராத்திரியிலும் சொல்லச் சொன்னார். நமக்கு அந்தக் கயிற்றுக்குப் பதில் செல்போன்.

பிளேலிஸ்ட்டில் மூன்று ஆடியோ போதும். முதலில் மூச்சைக் கவனிப்பது, 3 நிமிடம். இரண்டாவது, பாதத்தில் தொடங்கி தலை வரை ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்துவது, 10 நிமிடம். மூன்றாவது, நமக்கு நாமே சொல்லும் நல்ல வார்த்தை, 5 நிமிடம். உடம்பு தளராமல் வார்த்தையை மட்டும் கேட்டால் மனசு ஏற்காது. அதனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

மூன்றாவதை உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்க. செல்போனிலேயே ரெக்கார்டர் இருக்கும். "பயப்பட மாட்டேன்" என்று சொன்னால் பயம்தான் ஞாபகம் வரும். "நான் நிதானமாக இருக்கிறேன், நாளைய வேலையை நாளை பார்ப்பேன்" என்று சொல்லுங்க. "கடன் எல்லாம் தீர்ந்துவிட்டது" என்று நம்ப முடியாததைச் சொல்லாதீங்க.

ஃபைல்களுக்கு 01, 02, 03 என்று பெயர் வைத்தால் வரிசை மாறாது. டவுன்லோடு செய்து வைத்தால் நடுவில் விளம்பரம் வந்து தூக்கிப் போடாது. சத்தம் மூன்றிலும் ஒரே அளவாக இருக்கட்டும். சில ஆடியோ முடிவில் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணி எழுப்பிவிடுவார்கள். அது பகலுக்குச் சரி. ராத்திரிக்கு அதை எடுத்துவிடுங்க.

சகோதரிகளே, முக்கியமான விஷயம் இனிமேல்தான். அடுப்பில் உலை வைத்துவிட்டோ, வண்டி ஓட்டும்போதோ, கைக்குழந்தை தண்ணீர்த் தொட்டி பக்கம் விளையாடும்போதோ கேட்கக் கூடாது. வலிப்பு, மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள். ஆடியோ கேட்கிறேன் என்று சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க.

இன்னொன்று. வீட்டில் அடி உதை வாங்கிக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பொறுத்துப் போவது அமைதி ஆகாது. அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் 14416-க்குப் போன் போடுங்க. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

தவணை கட்ட முடியாத கவலையைக் குழுக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னால் வழி பிறக்கும். ஆடியோ கடனை அடைக்காது. ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்தவள் கூட்டத்தில் தெளிவாகப் பேசுவாள். அதை எங்கள் குழுவில் நான் கண்ணால் பார்க்கிறேன்.

செல்போனில் பதிவு செய்யத் தெரியாதவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வாங்க, செய்து தருகிறேன்.