பழைய வீணைக்கு விலை காணல்

பீங்கானுக்குப் பெயர்பெற்ற இவ்விருத்தாசலத்தில் கோப்பை வாங்குவோர் அதைச் சுண்டிப் பார்ப்பர். கண்ணுக்குத் தப்பிய விரிசல் காதுக்குத் தப்பாது. பழைய வீணைக்கு விலை காண்பதும் அவ்வாறே தொடங்குகிறது.

ஆயினும் முதலில் பார்க்க வேண்டியது மரம். குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடையப்பெற்ற ஏகாண்ட வீணை, ஒட்டு வீணையினும் மதிப்பு மிக்கது. புதுமெருகோ ஒட்டையும் மறைக்கும், வெடிப்பையும் மறைக்கும். மேனாட்டார் பழைய கிடாருக்கு மறுபூச்சுக் கண்டால் விலையைக் குறைப்பர். இங்கோ பளபளப்பே விலையாகிவிடுகிறது! மேளம் கட்டுதல் வேறு. 24 மெட்டுகளையும் தாங்கும் மெழுகு நாளடைவில் தளரும். அதைப் புதுப்பித்திருப்பது குறையன்று, வீணை வாசிக்கப்பட்டதற்குச் சான்று.

முன்னாளில் தந்தப் பதிப்பு விலையை உயர்த்தியது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடுத்தபின், அவ்வழகே விற்பனைக்குத் தடையாயிற்று. தஞ்சாவூர் வீணை 2013இல் பெற்ற புவிசார் குறியீடு பிறந்த ஊரைச் சொல்லும், நாதத்தைச் சொல்லாது.

வாசித்தவர் மறைந்தபின், வீட்டார் பலர் வீணையை மரவிலைக்கே கொடுத்துவிடுகின்றனர். அதற்குமுன் வைணிகர் ஒருவரை அழைத்து, தந்தி மாற்றி, ஒரு நாழிகையேனும் வாசிக்கச் செய்து கேட்கலாம். விற்கும் எண்ணமே அப்போது மாறிவிடுவதும் உண்டு.